நோஞ்சான் மரத்தின் பெருங்காடு: கறுப்பு ஸ்புரூஸ்

மணிக்கட்டுத் தடிமன் உள்ள ஒரு மரத்துண்டு. அறுத்த முகத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து ஆண்டு வளையங்களை எண்ணத் தொடங்குகிறோம். முதல் சில வளையங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அப்புறம் கோடுகள் நெருங்கி நெருங்கி, ஒரு தலைமுடி நுழையும் இடம்கூட இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால் கணக்கு நூறைத் தாண்டுகிறது. நம் வீட்டு முருங்கை இரண்டு மழைக்காலத்தில் இந்தத் தடிமனுக்கு வந்துவிடும். இந்த மரத்துக்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

இதுதான் கறுப்பு ஸ்புரூஸ். வட அமெரிக்காவின் வடபாதியில், அட்லாண்டிக் கரையில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தொடங்கி அலாஸ்கா வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கும் ஊசியிலை மரம். கனடாவின் பத்து மாகாணங்களிலும் மூன்று ஆட்சிப்பகுதிகளிலும் இது உண்டு. அமெரிக்காவில் அலாஸ்கா போக, பேரேரிகளை ஒட்டிய வடமாநிலங்களிலும் நாட்டின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்திலும் வளர்கிறது.

தாவரவியல் பெயர் பைசியா மரியானா. இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மரியானா என்றால் 'மேரிலாந்தைச் சேர்ந்தது' என்று பொருள். மேரிலாந்தில் இந்த மரம் இயற்கையாக வளர்வதே இல்லை. 1768ல் இதற்குப் பெயர் வைத்த பிலிப் மில்லர் லண்டனில் தோட்டம் பார்த்தவர். அங்கிருந்து பார்த்தால் அமெரிக்கா முழுக்க மேரிலாந்தாகத் தெரிந்திருக்கும் போல.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் 5 முதல் 15 மீட்டர் உயரம்தான் வளரும். தண்டும் ஒல்லி. பக்கத்தில் வேறு எந்த மரம் நின்றாலும் இதைவிட வாட்டசாட்டமாகத்தான் இருக்கும். இப்படி ஒரு நோஞ்சான் எப்படி ஒரு கண்டத்தின் வடக்கு முழுவதையும் வளைத்துப் போட்டது? இதற்குப் பதில் இரண்டு சொற்களில் இருக்கிறது: சதுப்பு, நெருப்பு.

முதலில் ஆளை அடையாளம் காண்போம்

ஊசியிலை மரம் என்றதும் நம்மில் பலருக்குக் கொடைக்கானல் பைன் காடுதான் நினைவுக்கு வரும். பைனில் ஊசிகள் கொத்தாக இருக்கும். ஒரே புள்ளியிலிருந்து இரண்டு, மூன்று, ஐந்து என்று கிளம்பும். ஸ்புரூஸில் ஒவ்வோர் ஊசியும் தனி. ஃபிர் மரத்திலும் தனித்தனிதான், ஆனால் அது தட்டை. ஒரே ஓர் ஊசியைப் பறித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். ஸ்புரூஸ் ஊசிக்கு நான்கு பட்டை, அதனால் உருளும். ஃபிர் ஊசி உருள மறுத்து வழுக்கும். இன்னொரு குறிப்பும் உண்டு. ஸ்புரூஸ் ஊசி உதிர்ந்த இடத்தில் கட்டையாக ஒரு சிறு முளை நிற்கும். காய்ந்த குச்சியைத் தடவினால் அரத்தைத் தடவுவது போல இருக்கும்.

இது ஸ்புரூஸ்தான் என்று தெரிந்துவிட்டது. கறுப்பா வெள்ளையா? இரண்டும் ஒரே வட்டாரத்தில் வளர்வதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். வெள்ளை ஸ்புரூஸின் இளங்குச்சி வழவழப்பாக இருக்கும். ஊசியைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை அடிக்கும். கறுப்பு ஸ்புரூஸின் இளங்குச்சியில் செம்பழுப்பு நிறத்தில் பொடி மயிர் இருக்கும். ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் காட்டிக்கொடுப்பது கூம்புதான். வெள்ளை ஸ்புரூஸின் கூம்பு விரல் நீளத்துக்கு வளர்ந்து, விதையைக் கொட்டியதும் சீக்கிரமே உதிர்ந்துவிடும். கறுப்பு ஸ்புரூஸின் கூம்பு 2, 3 சென்டிமீட்டர் நீளத்தில் பாக்குக்கொட்டை போல இருக்கும். ஸ்புரூஸ் இனங்களிலேயே இதுதான் மிகச் சிறியது. உச்சியில் கொத்துக் கொத்தாகக் குவிந்து, வருடக்கணக்கில் மரத்தை விட்டு இறங்காது.

அந்தக் கொத்தால் மரத்துக்கு ஒரு விசித்திரமான உருவம் கிடைக்கிறது. ஒல்லியான தண்டு, தொங்கிய சிறு கிளைகள், உச்சியில் மட்டும் பறவைக்கூடு போல ஓர் அடர்ந்த முடிச்சு. சிவப்பு அணில்கள் கூம்புக்காக உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கிளைகளைக் கொறித்துவிடுவதால், பல மரங்களில் முடிச்சுக்கு அடியில் கழுத்து போல ஒரு மொட்டைப் பகுதியும் தெரியும். பார்க்க அழகான மரம் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் மரமாக யாரும் ஆசைப்பட்டு வாங்கும் தோற்றமில்லை.

மற்றவை ஒதுக்கிய இடம்

வடக்கின் காட்டுத்தரையில் பெரும்பகுதி நாம் நினைக்கும் மண் தரை இல்லை. பனி உருகிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, அதன்மேல் ஸ்பேக்னம் பாசி பஞ்சு மெத்தை போல வளர்ந்திருக்கும். அடியில் மட்கியும் மட்காமலும் கிடக்கும் பழைய பாசிக்குத்தான் பீட் என்று பெயர். நீர் புளிக்கும் அளவுக்கு அமிலம். சத்து மிகக் குறைவு. வேருக்குக் காற்று கிடைக்காது. இன்னும் வடக்கே போனால் ஓரிரு அடி ஆழத்திலேயே ஆண்டு முழுவதும் உருகாத உறைமண் தொடங்கிவிடும்.

இந்த இடத்தை ஆஸ்பென், பிர்ச் போன்ற வேகமாக வளரும் மரங்கள் விரும்புவதில்லை. கறுப்பு ஸ்புரூஸ் மட்டும் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. ஆழமாகப் போக வழியில்லாததால் வேரைப் பக்கவாட்டில் விரிக்கிறது. பெரும்பாலான வேர்கள் மேல் 20 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். சத்துக்குப் பஞ்சம் என்பதால் செலவையும் சுருக்குகிறது. இலையைப் புதிதாகச் செய்வது பெரிய செலவு, எனவே ஓர் ஊசியைப் பத்து ஆண்டுக்கு மேல்கூட வைத்துக்கொள்ளும். வளர்ச்சியையும் கஞ்சத்தனமாகத்தான் செய்யும். முதலில் பார்த்த அந்த நெருக்கமான வளையங்கள் இந்தக் கஞ்சத்தனத்தின் கணக்குப் புத்தகம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாசி சும்மா இருப்பதில்லை. ஆண்டுதோறும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மரத்தின் அடி மெல்ல மெல்லப் புதைந்துபோகும். பழைய வேர்கள் ஆழத்தில் மூச்சுத் திணறும்போது, மரம் தண்டில் கொஞ்சம் மேலே புது வேர் விடும். அதனால் பாசி மட்டத்தில் மரத்தை அறுத்து வயது பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மரத்தின் ஆரம்ப ஆண்டுகள் அதற்கும் கீழே, பாசிக்குள் புதைந்திருக்கும்.

இதே பாசி ஓர் உதவியும் செய்கிறது. மல்லிகைக்கும் மாதுளைக்கும் நாம் பதியன் போடுகிறோம் இல்லையா? கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் தனிச் செடியாக்குவோம். கறுப்பு ஸ்புரூஸுக்கு இந்த வேலையைப் பாசியே செய்துகொடுக்கிறது. பனியின் பாரத்தில் தரையைத் தொட்ட கீழ்க்கிளையைப் பாசி மூடிக்கொள்ளும். மூடிய இடத்தில் வேர் இறங்கும். கிளையின் நுனி மேல்நோக்கி வளைந்து தனி மரமாக நிமிரும். நடுவில் தாய் மரம், சுற்றிலும் வட்டமாகக் குட்டி மரங்கள், எல்லாம் ஒரே உயிரின் நகல்கள். மரங்கள் வளரும் பகுதி முடிகிற, விதை முளைத்து வளரவே முடியாத வடக்கு எல்லையில் இந்த மரம் தொடர்ந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

உறைமண் உருகும் இடங்களில் இன்னொரு காட்சியும் கிடைக்கும். மேலோட்டமாக ஓடும் வேருக்குப் பிடிமானம் போய், மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். அதைப் 'போதைக்காடு' என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

கூம்புக்குள் பூட்டிய விதை

இப்போது நெருப்புக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குக் காடுகளில் கோடையில் மின்னல் விழுந்து தீப்பிடிப்பது வழக்கமான நிகழ்வு. ஒரே இடம் சுமாராக நூறாண்டுக்கு ஒருமுறை எரியும். ஈரம் அதிகமுள்ள கிழக்குப் பகுதிகளில் இடைவெளி இன்னும் நீளம். கறுப்பு ஸ்புரூஸ் தீயைத் தாங்கும் மரம் இல்லை. மெல்லிய பட்டை, மேலோட்டமான வேர், பிசின் நிறைந்த ஊசி. அதற்கு மேல், கீழிருந்து உச்சி வரை காய்ந்த கிளைகளும் அவற்றில் தாடி போலத் தொங்கும் லைக்கன் என்ற பூஞ்சை-ஆல்கா கூட்டுயிரும் தீக்கு ஏணி வைத்துக் கொடுக்கின்றன. 'குச்சியில் ஏற்றிய பெட்ரோல்' என்று அலாஸ்காவில் இதைச் சொல்வதுண்டு. தீ வந்தால் மரம் செத்துவிடும். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் உச்சியில் இருக்கும் அந்த முடிச்சு? அங்கேதான் மரம் தன் சேமிப்பை வைத்திருக்கிறது. கூம்பின் செதில்கள் பிசினால் பாதி ஒட்டியிருக்கும். ஜாக் பைன் போன்ற சில மரங்களில் கூம்பு முழுவதுமாகப் பூட்டிக்கிடக்கும், சூடு பட்டால்தான் திறக்கும். கறுப்பு ஸ்புரூஸ் அவ்வளவு பிடிவாதமில்லை. சாதாரண ஆண்டுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக விதையைச் சிந்திக்கொண்டிருக்கும், மீதியைப் பிடித்து வைத்திருக்கும். 'பாதி பூட்டிய கூம்பு' என்று சொல்லலாம். பழைய கூம்பில் விதையின் முளைப்புத் திறன் குறைந்துகொண்டே போனாலும், ஆண்டுதோறும் மேலே புதுக் கூம்புகள் சேர்வதால் இருப்பு தீர்வதில்லை.

தீ வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊசியும் சிறு கிளையும் நொடியில் எரிந்துவிடும். நெருக்கமாக அடைந்து நிற்கும் கூம்புக் கொத்தின் வெளிப்பக்கம் கருகும், உள்ளே இருப்பவை தப்பிக்கும். பிசின் உருகும். சில நாளில் செதில்கள் விரியத் தொடங்கும். விதை மிகச் சிறியது, ஒரு கிலோவுக்கு எட்டு ஒன்பது லட்சம் தேறும்; ஒவ்வொன்றுக்கும் மெல்லிய இறக்கை ஒன்று. கரிக்குச்சியாக நிற்கும் மரங்களின் உச்சியிலிருந்து அந்த விதைகள் ஒரே நாளில் கொட்டிவிடாமல், அடுத்தடுத்த சில ஆண்டுகளுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கோடை வறட்சியாகப் போனாலும் அடுத்த கோடைக்கு விதை மிச்சமிருக்கும். நிழலும் போட்டியும் இல்லாத எரிந்த தரையில் கன்றுகள் கூட்டமாக முளைக்கும். ஒரு பெருந்தீக்குப் பின் பிறந்ததால் காட்டில் பெரும்பாலான மரங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே வயது.

செத்த பிறகும் விதைக்கிற மரம் என்றால் மிகை இல்லை.

எவ்வளவு இருக்கிறது?

கனடாவின் வடக்கு ஊசியிலைக் காட்டு மண்டலத்தில் மரம் மூடிய பரப்பு சுமார் 27 கோடி ஹெக்டேர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பே 33 கோடிக்குச் சற்றுக் குறைவு என்பதை வைத்து இதை மனதில் அளந்துகொள்ளலாம். கனடாவின் காடுகளில் உள்ள மரத்தின் கன அளவில் ஏறத்தாழ பாதி, ஸ்புரூஸ் இனங்கள். அவற்றில் வடக்கே மிகப் பரவலானது கறுப்புதான். அலாஸ்காவின் உட்பகுதியிலும் இதுவே முதன்மையான காட்டு மரம். நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் மாகாணம் இதைத் தன் மாகாண மரமாகவே அறிவித்திருக்கிறது.

இந்தக் காட்டில் கார்பனின் பெரும்பங்கு மரத்தில் இல்லை. காலுக்கடியில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பீட்டில் இருக்கிறது. மரமும் பாசியும் சேர்ந்து வெயிலைத் தடுத்து அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. மரங்களுக்கு இடையில் வெள்ளைக் கம்பளம் போல விரிந்திருக்கும் லைக்கன்தான் கரிபூ மான்களின் குளிர்கால உணவு.

வேர் முதல் காகிதம் வரை

வேரிலிருந்தே தொடங்கலாம். பாசிக்குள் கல்லோ களிமண்ணோ குறுக்கே வராததால், வேர்கள் நேராக, கயிறு போல மீட்டர் கணக்கில் ஓடும். அல்கோன்கிய மொழிகள் பேசும் பூர்வகுடிகள் அதை உருவி, தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்துத் தையல் நூலாகப் பயன்படுத்தினார்கள். பெயர் வாட்டாப். பிர்ச் மரப்பட்டைப் படகின் தையல் எல்லாம் இந்த வேர்தான். தைத்த இடத்தில் தண்ணீர் புகாமல் இருக்க, ஸ்புரூஸ் பிசினைக் கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சிப் பூசினார்கள். ஆணி ஒன்றுகூட இல்லாத அந்தப் படகுகளில்தான் பிற்பாடு ஐரோப்பியத் தோல் வியாபாரிகள் கண்டத்தையே குறுக்கே கடந்தார்கள்.

பிசினை மென்றும் பார்த்தார்கள். முதலில் கல் போல நொறுங்கும், கசக்கும். கொஞ்ச நேரத்தில் இளகி இளஞ்சிவப்பாக மாறும். ஜான் கர்ட்டிஸ் என்பவர் 1848ல் மெய்ன் மாநிலத்தில் ஸ்புரூஸ் பிசினைக் காய்ச்சி, துண்டு போட்டு, கடைகளில் விற்கத் தொடங்கினார். இன்று பெட்டிக்கடையில் தொங்கும் சூயிங்கம் வியாபாரத்தின் முன்னோடி அது.

அப்புறம் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் நோய். 1535-36 குளிர்காலத்தில் இன்றைய கியூபெக் நகரத்தருகே பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியேயின் கப்பல்கள் பனியில் சிக்கிக்கொண்டன. சுமார் 110 பேரில் 25 பேர் ஸ்கர்வியில் இறந்தார்கள். டொமகாயா என்ற பூர்வகுடி மனிதர் 'அனெடா' என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக் கொடுத்த பிறகே மீதிப் பேர் பிழைத்தார்கள். அந்த மரம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. வெள்ளை சீடார் என்போர் அதிகம். ஸ்புரூஸும் பட்டியலில் உண்டு. எதுவானாலும், ஸ்புரூஸ் தளிரைக் கொதிக்கவைத்து, மொலாசஸ் என்ற கரும்புப் பாகு சேர்த்துப் புளிக்கவைத்த ஸ்புரூஸ் பியரை 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைகள் ஸ்கர்விக்கு மருந்தாக நம்பிக் குடித்தன. கியூபெக்கில் இன்றும் ஸ்புரூஸ் சுவையில் சோடா கிடைக்கிறது.

ஆனால் இந்த மரத்தின் பெரும்பங்கு போனது காகிதத்துக்கு. தண்டு ஒல்லி என்பதால் அகலப் பலகை எடுக்க முடியாது. அதன் இழை வேறு விஷயம். ஊசியிலை மரங்களின் இழை சுமார் 3 மில்லிமீட்டர் நீளம்; யூகலிப்டஸ் போன்ற அகலஇலை மரங்களில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். நீள இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் காகிதம் எளிதில் கிழியாது. செய்தித்தாள் அச்சு இயந்திரத்தில் காகிதச் சுருள் அசுர வேகத்தில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒருமுறை அறுந்தால் அச்சு நின்றுவிடும். 1920களில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, வட ஒன்டாரியோவின் கபஸ்கேசிங் ஊரில் ஒரு காகித ஆலையில் பங்குதாரராகச் சேர்ந்தது இந்தக் காட்டை நம்பித்தான். ஆலையின் பெயரே ஸ்புரூஸ் ஃபால்ஸ்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. உலகின் பெரிய செய்தித்தாள் காகித ஏற்றுமதி நாடுகளில் ஒன்று கனடா. இந்தியப் பத்திரிகைகளுக்கும் அங்கிருந்து சுருள்கள் வந்திருக்கின்றன. ஊசியிலைக் காடு இல்லாத ஊரில் காகிதம் எப்படிச் செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு கண்டுபிடித்த பதில் கரும்புச் சக்கை. 1979ல் தொடங்கப்பட்டு, கரூர் அருகே காகிதபுரத்தில் இயங்கும் டிஎன்பிஎல் ஆலை அதைத்தான் முக்கிய மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. சக்கை இழை குட்டையானது. ஸ்புரூஸ் இழையின் பாதி நீளம்கூட வராது.

காகிதத்துக்கு அடுத்தபடியாக வீட்டுச் சட்டம். ஸ்புரூஸ், பைன், ஃபிர் மூன்றையும் ஒன்றாக்கி 'எஸ்பிஎஃப்' என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். கனடாவில் வீடு வாங்கிய உறவினர் யாராவது பேஸ்மென்ட் வேலை செய்தால், சுவர் மூடுவதற்குள் 'டூ பை ஃபோர்' சட்டங்களில் அந்த முத்திரையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீ அவசரப்படும்போது

கோடிக்கணக்கில் இருக்கும் மரத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றலாம். எண்ணிக்கையில் ஆபத்து இல்லை, கணக்கில்தான் ஆபத்து. இந்த மரம் பத்துப் பதினைந்து வயதில் காய்க்கத் தொடங்கினாலும், உச்சி முடிச்சு நிறைய முப்பது ஆண்டுக்கு மேலாகும். நூறாண்டுக்கு ஒரு தீ என்றால் சேமிப்பு நிறைந்திருக்கும். எரிந்த இடமே இருபது ஆண்டுக்குள் மறுபடி எரிந்தால், முடிச்சில் ஒன்றும் இருக்காது.

அதோடு, வறட்சியில் வரும் கடுந்தீ பாசியையும் பீட்டையும் சேர்த்து ஆழமாக எரித்து, அடியிலுள்ள மண்ணை வெளியே கொண்டுவந்துவிடும். தொலைவிலிருந்து காற்றில் பறந்து வரும் ஆஸ்பென், பிர்ச் விதைகளுக்கு அதுதான் தேவை. இவ்வளவு காலம் பாசிதான் அவற்றுக்குப் போட்ட பூட்டு. பூட்டு எரிந்துபோனால், வேகமாக வளரும் அந்த மரங்கள் ஸ்புரூஸ் கன்றுகளை நிழலில் அமுக்கிவிடும். அலாஸ்காவிலும் மேற்குக் கனடாவிலும் இப்படிக் கைமாறிய காடுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2023ல் கனடாவில் எரிந்த பரப்பு சுமார் 1.5 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1.3 கோடி. கனடாவில் வழக்கமான ஆண்டில் எரிவதைப் போல ஏழு மடங்கு எரிந்திருக்கிறது. அந்த ஜூனில் நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமாக மாறியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கியூபெக்கின் ஸ்புரூஸ் காடுகளிலிருந்து தெற்கே இறங்கிய புகை அது.

நேரில் பார்க்க

டொராண்டோவில் (அங்குள்ள நம்மவர்கள் எழுத்தில் ரொறன்ரோ) இருப்பவர்கள் வடக்கே மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் அல்கோன்குவின் பூங்கா. அதன் நெடுஞ்சாலை 60ஐ ஒட்டி ஸ்புரூஸ் சதுப்பின் நடுவே 1.5 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருக்கிறது. ஈரமான இடங்களில் பலகை போட்டிருக்கிறார்கள். இலையுதிர் நிறம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், இங்கே நிறம் மாறும் இலை அதிகம் இல்லை என்பதால். குளிர்காலத்தில் பறவை பார்ப்பவர்கள் மட்டும் ஸ்புரூஸ் காட்டுக்கோழியைத் தேடி வருவார்கள். கையெட்டும் தூரத்துக்குப் போனாலும் அது பறக்காமல் ஊசியைக் கொறித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். குளிர்காலம் முழுக்க ஊசிதான் உணவு. அதைச் செரிக்க இரைப்பையும் குடலும் அந்தப் பருவத்தில் பெரிதாகும்.

கோழி கிடைக்காவிட்டால் பலகை ஓரத்தில் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் சில ஸ்புரூஸ் கன்றுகள் வட்டமாக நிற்கும். அவற்றில் ஒன்றின் அடியைக் கண்ணால் தொடர்ந்தால், அது தண்டு இல்லை, பாசிக்குள் நுழைந்து நடுவில் நிற்கும் மரத்துக்கே திரும்பிப் போகும் கிளை என்று தெரியும். கையால் பாசியை விலக்கிப் பார்க்க ஆசை வரும். பலகையை விட்டு இறங்க வேண்டாம், ஒரு கால் வைத்தாலே தண்ணீர் ஷூவுக்குள் வந்துவிடும்.